விஜயலெட்சுமியின் மாற்று இடம்

பதுளை டவுனுக்கு இறங்கினால் கொஞ்சம் வெயில் காயலாம் என்று நம்பி, விஜயலெட்சுமி கம்பளிச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஹோட்டல் மண்டபத்தில் குளிரூட்டியை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தார்கள். மடுல்சீமைப் பக்கத்து மலைகளிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் நடுங்கிக்கொண்டு வந்த சில்லறைக் கடைக்காரர்களை அதைவிடக் கடுமையான குளிரில் உட்கார்த்தி வைத்து, மண்சரிவு மாதிரி அனர்த்தம் வந்தால் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்கப் போகிறார்களாம். பின்வரிசைக்காரர் ஒருவர் பாடம் தொடங்கும் முன்பே தாக்குப்பிடிக்க ஆரம்பித்துவிட்டார். இலவசமாகக் கொடுத்த தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு குறட்டை விட்டார். தொப்பியில் 'தயாராக இருப்போம்' என்று அச்சடித்திருந்தது.

மேடையில் ஜெயரூபன். கழுத்தில் தொங்கிய அட்டை அவனைத் 'தாங்குதிறன் ஆலோசகர்' என்றது. கொழும்பிலிருந்து வந்திருந்தான். எதைச் சொன்னாலும் பரிசு விழுந்த லொத்தர் இலக்கம் வாசிக்கிற மாதிரிச் சொல்லும் குரல் அவனுக்கு வாய்த்திருந்தது. மண்சரிவைப் பற்றிக்கூட அந்தக் குரலில் கேட்டால், நமக்கும் ஒன்று விழாதா என்று இருக்கும்.

"ஜப்பானில ஒரு சின்ன பேக்கரி" என்றான். "பூமியதிர்ச்சியில கட்டடமே இல்லாமப் போச்சு. அடுத்த நாள் காலையில அந்த முதலாளி வேறொரு இடத்தில பாண் வித்துக்கொண்டு நிக்கிறார். எப்படி முடிஞ்சது?"

மண்டபம் யோசித்தது. விஜயலெட்சுமிக்குப் பக்கத்து நாற்காலியில் நௌபர் இருந்தான். பதுளை பஜாரில் மொத்த வியாபாரம். அவள் கடைக்கு அரிசி, பருப்பு, சீனி எல்லாம் அவனுடைய லொறியில்தான் ஏறி வரும். அவன் குனிந்து அவள் காதருகே சொன்னான்: "ராவே மாவப் பெசஞ்சு வெச்சிருப்பான் அக்கா. வீணாக்க ஏலுமா?"

"திட்டம்!" என்று ஜெயரூபன் கையை உயர்த்தினான். "அவரிடம் திட்டம் இருந்தது!"

அடுத்து எல்லோருக்கும் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை ஒன்று கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறும் இருந்தது.

"இதுக்குள்ள உங்கட காணி உறுதிப் பத்திரத்த வைக்கணும். கடை உறுதி, வீட்டு உறுதி, எல்லாம். எந்த நேரமும் கைக்கெட்டின தூரத்தில இருக்கணும்."

பஜார்க்காரர்கள் தலையாட்டினார்கள். தோட்டப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மலையை வெட்டித் திருத்திய சனத்தில், தன் பேரில் ஒரு முழம் நிலத்துக்கு உறுதி வைத்திருக்கிற ஆள் அந்த வரிசையில் ஒருவர்கூட இல்லை. விஜயலெட்சுமி உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"உறை நல்லாருக்கு சார். உள்ள வைக்கத்தான் எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

மண்டபம் சிரித்தது. அது பகிடி என்று நினைத்து ஜெயரூபனும் சிரித்தான். அவள் மடியில் முடிந்து வைத்திருந்த வெற்றிலையை எடுத்து உறைக்குள் வைத்து இழுத்து மூடினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவரும் தம் கடையின் படத்தைக் காட்டச் சொன்னார்கள். விஜயலெட்சுமி கைபேசியில் கடையின் முன்பக்கத்தைக் காட்டினாள். வாழைக்குலை, மா மூட்டை, வடை வைக்கிற கண்ணாடிப் பெட்டி. ஜெயரூபன் விரலால் தள்ளி அடுத்த படத்துக்குப் போனான். அது பின்பக்கம். கடைக்கும் மலைக்கும் நடுவே நிற்கிற கல் சுவர், பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது.

"அக்கா, இந்தச் சுவர் நிக்காது."

அன்று முழுவதும் அவன் சாதாரணக் குரலில் சொன்ன ஒரே வசனம் அதுதான். உண்மையும் அது ஒன்றுதான். அவளுக்கு அது தெரியாததல்ல. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் கடை, கடைக்குப் பின்னால் ஒரு அறை. அந்த அறையில்தான் அவளும் அவள் புருஷன் கணபதியும் தலைசாய்க்கிறார்கள். சுவர் விழுந்தால் முதலில் விழுவது அவர்கள் தலைமாட்டில்.

அவர்கள் இருக்கிற கூம்புமலைத் தேயிலைத் தோட்டத்தில் அது புதுக்கதையும் அல்ல. போன வருடத்து அடைமழையில் அவள் கடைக்குப் பக்கத்திலிருந்த சலூன் மலையோடு போய்விட்டது. நல்லவேளை, விடியற்காலை, உள்ளே ஆள் இல்லை. சலூன்காரனின் சுழல்நாற்காலியைக் கீழே ஓடையில் கண்டெடுத்தார்கள். அது அப்போதும் சுழன்றுகொண்டிருந்ததாம். பிறகு அரசாங்க ஆட்கள் வந்து பார்த்து, அவள் கடைச் சுவரில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துத் தோட்டக் கம்பெனி சும்மா இருக்குமா? உடனே நடவடிக்கை எடுத்தது. 'அபாய வலயம். நிறுவனம் பொறுப்பல்ல' என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை நட்டது. கூம்புமலையில் தமிழ் எழுத்துப் பிழையில்லாமல் எழுதப்பட்ட ஒரே பலகை அதுதான்.

விஜயலெட்சுமி தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய் வேறு இடம் கேட்டாள்.

"எடம் இல்லை" என்றார் துரை. நல்ல மனுஷர்தான். கம்பெனி எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசுவார்.

"பங்களாவுக்குப் பக்கத்துல டெனிஸ் கோட்டு சும்மாதானே கெடக்குதுங்க தொரை? மட்டமான நெலம். மேல மலை இல்ல. ஒரு ஓரமா இருந்துக்கிறோமே."

"அது குடுக்க ஏலாது. அது ஹெரிடேஜ்."

அந்த ஹெரிடேஜில் யாரும் பந்தடித்து அவள் பார்த்ததில்லை. வலை எப்போதோ இற்றுப்போய்விட்டது. பங்களாவை இப்போது உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். விளம்பரப் படத்தில் பச்சை மலை, வெள்ளைப் பங்களா, செம்மண் டெனிஸ் கோட்டு மூன்றும் வரிசையாகத் தெரிய வேண்டுமாம். படத்துக்காக அங்கே புல் பிடுங்கி, கிழமைக்கொரு தடவை சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலை பங்களாக் காவல்காரனுடையது. காவல்காரன் கணபதி. அதாவது, தலைக்கு மேல் மலை தொங்குகிற அறையில் படுத்து எழும்பி, மலையே இல்லாத இடத்தைத் துப்புரவாக வைத்திருப்பதுதான் அவள் புருஷனின் உத்தியோகம்.

இதெல்லாம் அவள் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜெயரூபன் பழைய லொத்தர்க் குரலுக்குத் திரும்பியிருந்தான். சுவரில் பெரிய வெள்ளைத்தாள் ஒட்டி, கையில் தடித்த பேனாவோடு நின்றான்.

"சுவர் நிக்காதெண்டா என்ன செய்யணும்? ஜப்பான் பேக்கரி! ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு மாற்று இடம் வேணும். யாரும் வந்து தரமாட்டாங்க. நீங்களே தெரிவு செய்யணும். சொல்லுங்க அக்கா, உங்கட மாற்று இடம் எது?"

"நானே சொன்னாப் போதுமா சார்?"

"நீங்கதான் சொல்லணும்!"

"அப்ப டெனிஸ் கோட்டு."

நௌபர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கால் வந்தது.

"அற்புதம்!" என்றான் ஜெயரூபன். "பாருங்க, திறந்த வெளி, சமதரை. இதைத்தான் நாங்க எதிர்பார்க்கிறோம்." தாளில் பெரிதாக எழுதினான். கைதட்டினார்கள். டெனிஸ் கோட்டு இருந்தால் பக்கத்தில் ஒரு பங்களா இருக்கும், பங்களா இருந்தால் அதற்கு ஒரு துரை இருப்பார் என்கிற அளவுக்கு யோசிப்பது தாங்குதிறனில் சேராது போலும். போதாததற்கு, தோட்டங்களில் நடத்தவிருக்கிற அனர்த்த ஒத்திகைக்கு அவள் கடையையே 'முன்மாதிரி வியாபாரம்' என்று தெரிவு செய்துவிட்டான்.

அவள் அப்போது வாய்க்கொழுப்பில்தான் சொன்னாள். பசறையைத் தாண்டி பஸ் மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தபோது, வாய்க்கொழுப்பு மெல்ல யோசனையாக மாறியது. லுணுகலைச் சந்திக்கு வருவதற்குள் முடிவாகிவிட்டது.

*

"ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு" என்றான் கணபதி.

"ஆமாங்க. செவுத்தப் பாத்துப் பாத்து."

"ஒத்திகைன்னா சும்மா ஓடிக் காட்டுறது. ரெண்டு போட்டோ புடிப்பாங்க, பிஸ்கட் குடுப்பாங்க, போயிருவாங்க. நீ கடையத் தூக்கிட்டு கோட்டுக்குப் போவியா? என் வேலை என்னாகும்?"

"ஒங்க வேலை கோட்டுல புல்லுப் புடுங்குறது. நான் அங்க இருந்தா புல்லே மொளைக்காது. வேலை லேசாயிரும்."

"வெளையாடாத விஜயா. சாவி என்கிட்ட இருக்கு. நான் தொறக்க மாட்டேன்."

அவள் மா சலித்துக்கொண்டிருந்தாள். பின்னால் சுவரிலிருந்து சின்னக்கல் ஒன்று உருண்டு தகரத்தில் விழுந்து நின்றது. இருவரும் அந்தத் திசையைப் பார்த்தார்கள். அடுத்த கல்லுக்காகக் காத்திருக்கிற அந்த நேரம், ஒரு வருடமாக அவர்கள் வீட்டில் பழகிப்போன நேரம். அடுத்தது விழவில்லை. கணபதி பாயை இழுத்து வாசல் பக்கமாகப் போட்டுக்கொண்டான். வாசல் பக்கமாகப் போட்டால் மலைக்கு வழி தெரியாது என்று நினைப்பு.

*

ஒத்திகைக்குக் கம்பெனி சம்மதித்ததற்கும் காரணம் இருந்தது. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் தொழிலாளி பத்திரமாக இருக்கிறானா என்று படம் கேட்கிறார்களாம். பத்திரமாக வைத்திருப்பதற்குச் செலவாகும், படத்துக்குச் செலவில்லை. துரை பிரதம விருந்தினர். பிரதம விருந்தினர் கடைசியில் வந்தால் போதும்.

கொழும்பிலிருந்து வரவேண்டிய அபாயச் சங்கு வந்து சேரவில்லை. அதனால் என்ன, தோட்டத்துப் பெக்டரிச் சங்கையே ஊதிவிடலாம் என்று ஜெயரூபன் முடிவு செய்தான். ஊதினால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு, கைவீசிக்கொண்டு, ஒழுங்காகப் பெரட்டுக் களத்துக்கு வந்து நிற்க வேண்டும். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற அந்தக் களம்தான் வரைபடத்தில் 'ஒன்றுகூடும் இடம்'. வரைபடத்தில் அது பச்சை நிறத்தில் அழகாக இருந்தது. நிஜத்தில் அது விஜயலெட்சுமியின் கடைக்கு நேர் எதிரே, அதே மலைக்கு அடியில் இருந்தது. வரைபடம் வரைந்தவருக்கு மலை தெரியவில்லை, தாள் தட்டைதானே.

அறிவித்தலை ஒஃபீஸ் சுவரில் ஒட்டினார்கள். மலையில் கொழுந்து பறிக்கிறவள் ஒஃபீஸ் சுவரை வாசிக்க எப்போது வருவாள்?

ஆகவே முற்பகலில், யாரும் எதிர்பாராத நேரத்தில் சங்கு ஊதியபோது, கூம்புமலைச் சனம் அந்தச் சங்குக்குத் தலைமுறை தலைமுறையாக என்ன செய்ததோ அதைத்தான் செய்தது. முதுகில் கூடையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, கொழுந்தை நிறுத்துக் கொடுப்பதற்கு வரிசை வரிசையாக இறங்கி வந்தது. கைவீசிக்கொண்டு ஒருவரும் வரவில்லை.

"அமைதியாக ஓடுங்கள்! அமைதியாக ஓடுங்கள்!" என்று ஜெயரூபன் கையிலிருந்த ஒலிபெருக்கியில் கத்தினான்.

முதல் ஆளாக இறங்கி வந்தவள் இராக்கம்மா. கொழுந்தெடுப்பதில் எவ்வளவு வேகமோ பேச்சிலும் அவ்வளவு வேகம். "என்னாங்க தம்பி, இந்த நேரத்துல சங்கு? மந்திரி யாராச்சும் செத்துட்டாரா? அரநாள் லீவா?"

"யாரும் சாகேல்ல அம்மா. நீங்க இப்ப அனர்த்தத்துக்கு உள்ளாகியிருக்கிறீங்க."

"எப்ப?"

"இப்பதான். சங்கு ஊதினது கேட்கேல்லையா?"

"அது கேட்டுச்சு. இதுக்குப் பேரு போடுவீங்களா?"

அவன் விளங்காமல் பார்த்தான். அன்றைய நாளுக்கு வேலைப் பதிவு உண்டா என்பதுதான் கேள்வி. "அரப்பேரா முழுப்பேரா, அதச் சொல்லுங்க மொதல்ல" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. நிறுவைக்காரன் எங்கே, தராசு எங்கே என்றும் குரல்கள் வந்தன. தராசும் இல்லை, நிறுவைக்காரனும் இல்லை. காத்திருந்து சலித்தவர்கள் படங்குகளை விரித்து, கொழுந்தைக் களத்தில் கொட்டி, கூடைகளைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒன்றுகூடும் இடத்தில் சனத்தைவிடக் கொழுந்து அதிகமாக ஒன்றுகூடிவிட்டது. படம் பிடிக்க வந்தவன் எந்தப் பக்கம் திருப்பினாலும் அனர்த்தம் மாதிரித் தெரியவில்லை, நல்ல விளைச்சல் மாதிரித் தெரிந்தது.

விஜயலெட்சுமி கடைவாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். இராக்கம்மாவையும் அக்கம்பக்கத்து நாலைந்து பேரையும்தான் உதவிக்குச் சொல்லி வைத்திருந்தாள். இரண்டு மூன்று நடையில் முடிந்த மட்டும் தூக்கலாம், துரை வருவதற்குள் பாதிக்கடையாவது மேலே போய்விடும் என்பது அவள் கணக்கு. இப்போது கண் முன்னே தோட்டத்தின் ஒரு டிவிசன் சனமே, முதுகில் மாட்டத் தயாரான வெறுங்கூடைகளோடு, வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஜப்பான் பேக்கரிக்காரனுக்கும் இப்படி ஒரு வரம் கிடைத்திருக்காது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"சும்மா குந்திக்கிட்டு இருக்கிறவங்க எல்லாம் கூடையோட கடைக்கு வாங்க! இன்னைக்குக் கொழுந்து இல்ல, பருப்பு ஏத்துறோம்!"

"எங்கக்கா?"

"டெனிஸ் கோட்டுக்கு."

இராக்கம்மா எழுந்து பின்புறத்து மண்ணைத் தட்டிவிட்டாள். "நான் பொறந்ததுல இருந்து அந்த கோட்ட வெளிய நின்னுதான் பாத்திருக்கேன். வாங்கடி, உள்ள எப்படி இருக்குன்னு பாப்போம்."

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்லவேண்டி இருக்கவில்லை. செங்குத்து மலையில் பாரம் இறக்கி ஏற்றுகிற சனத்துக்கு ஒரு சில்லறைக்கடை எம்மாத்திரம்? பருப்பு, சீனி, வெங்காயம், மாசிக் கருவாடு, சவர்க்காரம் எல்லாம் கூடைகளில் போயிற்று. மா மூட்டைகளை மருந்தடிக்கிற ஆம்பிளைகள் தோளில் ஏற்றினார்கள். கண்ணாடிப் பெட்டியை நாலு பேர் சாமி தூக்குகிற மாதிரித் தூக்கினார்கள். உள்ளே காலையில் சுட்ட வடைகள் ஆடாமல் அசையாமல் எழுந்தருளின. தட்டுப் பலகைகள், மண்ணெண்ணெய்ப் பீப்பாய், கேத்தல், பெஞ்சு எல்லாம் பின்னால் வந்தன.

ஜெயரூபன் முதலில் திகைத்தான். பிறகு கூடை வரிசை மலைப்பாதையில் வளைந்து ஏறுவதைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. அவன் ஒத்திகையில் அதுவரைக்கும் படம் பிடிக்கத்தக்கதாக எதுவும் நடந்திருக்கவில்லை. கூடவே ஓடிக்கொண்டு ஒலிபெருக்கியில் முழங்கினான்: "இதுதான் வியாபாரத் தொடர்ச்சி! ஒரு சாதாரணத் தோட்டத்துப் பெண், தன் திட்டத்தை, தானே..." ஏற்றத்தில் மூச்சு நின்றுவிட்டதால் மிச்சம் கேட்கவில்லை.

*

கோட்டு வாசலில் கணபதி நின்றான். கம்பி வேலி, கம்பிக் கதவு, கதவில் பூட்டு. சாவி அவன் இடுப்பில்.

"வேணாம் விஜயா."

அவள் முதுகில் அரிசிக் கூடை. நெற்றியில் கயிறு அழுத்திக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு தோட்டமே பாரத்தோடு நின்றது. பெருமூச்சுகள் கேட்டன.

"தொரை கேட்டா நான் என்னா சொல்றது?"

"ஒத்திகைன்னு சொல்லுங்க. அந்தா, அந்தத் தம்பியே சொல்லுது பாருங்க."

கணபதி ஜெயரூபனைப் பார்த்தான். ஜெயரூபன் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றபடியே, ஆம் என்று கட்டைவிரலைக் காட்டினான்.

"ஒத்திகை முடிஞ்சாப் பெறகு?"

விஜயலெட்சுமி அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "நேத்தும் கல்லு விழுந்துச்சு. ஒங்களுக்குக் கேட்டுச்சு. தூங்குற மாதிரி படுத்திருந்தீங்க."

கணபதி தலையைத் திருப்பிக்கொண்டான். இராக்கம்மா பின்னாலிருந்து, "அண்ணே, புருஷன் பொஞ்சாதி சண்டைய உள்ள போய்ப் போடுங்க. எனக்கு வெங்காயம் முதுகுல குத்துது" என்றாள். யாரோ சிரித்தார்கள். அவன் சாவியை எடுத்தான். பூட்டு துருப்பிடித்திருந்தது, இரண்டு தரம் திருப்ப வேண்டி இருந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கடைசிக் கூடை உள்ளே போகும்வரை அப்படியே நின்றான்.

கல்லடுப்பு மூட்டிக் கேத்தலை ஏற்றினாள் விஜயலெட்சுமி. தட்டுப் பலகைகளைப் பெஞ்சுகளில் அடுக்கிக் கடை பரப்பினாள். பங்களாவில் தங்கியிருந்த வெள்ளைக்காரச் சோடி ஒன்று, இதுவும் தங்கள் பயணத் திட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்து வந்து ஆளுக்கொரு வடை வாங்கிக்கொண்டு போனது. புது இடத்தில் அதுதான் முதல் வியாபாரம்.

இரண்டாவதாக வந்தது துரையின் ஜீப்.

பிரதம விருந்தினருக்கு உரிய வெள்ளைச் சேர்ட்டோடு இறங்கியவர், தன் ஹெரிடேஜுக்குள் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் வெங்காயமும் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க என்ன சந்தையா? யாரு ஓடர் குடுத்தது? ஏய் கணபதி!"

கணபதிக்கு முன்னால் விஜயலெட்சுமி வந்தாள். "ஒத்திகைங்க தொரை. கொழும்புல இருந்து வந்த சார் பதுளையில வெச்சு எழுதிக் கை தட்டுனாங்க. அனர்த்தம் வந்தா கடை மாற்று எடத்துக்குப் போகணும்னு."

துரை ஜெயரூபன் பக்கம் திரும்பினார். ஜெயரூபனுடைய பரிசுக் குரல் எங்கேயோ போய்விட்டது. "அது... கொள்கையளவில சரி சேர். இண்டைக்கு ஒரு செய்முறைக்காக மட்டும்." பிறகு விஜயலெட்சுமியிடம் தேன் தடவிய குரலில் சொன்னான்: "அக்கா, பிரமாதம். படமெல்லாம் எடுத்தாச்சு. ஒத்திகை முடிஞ்சுது. இனிச் சாமானை இறக்கலாம்."

"ஒங்க ஒத்திகை முடிஞ்சிருக்கும் தம்பி. அந்தச் செவுரு இன்னும் முடிக்கல."

"அக்கா, இது நிரந்தரமாக இல்ல. மாற்று இடம் எண்டா..."

"நிக்காதுன்னு சொன்னது நீங்களா இல்லையா?"

அவன் துரையைப் பார்த்தான். பிறகு, மெதுவாக, பதுளையில் சொன்ன அதே சாதாரணக் குரலில் சொன்னான்: "நான்தான் சொன்னேன். நிக்காது." சொல்லிவிட்டு, சொன்னதற்காகப் பயந்து, கைபேசியில் அழைப்பு வந்த மாதிரிக் காதில் வைத்துக்கொண்டு வேலியோரமாகப் போய்விட்டான். இனிமேல் அவனால் உதவியும் இல்லை, உபத்திரவமும் இல்லை.

"எல்லாரும் இறங்கு!" என்றார் துரை. "வேலைக்குப் போ! நான் பொலிசக் கூப்பிடுறது!"

"கூப்பிடுங்க தொரை" என்றாள் விஜயலெட்சுமி. "வரட்டும். தேத்தண்ணி குடிச்சுட்டு, கீழ போயி செவுத்துல போட்டிருக்கிற செவப்புக் குறியையும் பாத்துட்டுப் போகட்டும். அந்தக் குறிக்குக் கீழ எங்கள மறுபடி கொண்டுபோயி விடுறதா இருந்தா, கையெழுத்துப் போட்டு விடச்சொல்லுங்க. செத்தா நாங்க பொறுப்புன்னு. பொறுப்பில்லைன்னு பலகை நடத் தெரிஞ்சவங்களுக்குப் பொறுப்புன்னு எழுதத் தெரியாதா?"

யாரும் இறங்கவில்லை. இராக்கம்மா செம்மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். பிறகு வரிசையாக எல்லோரும்.

"தொரை, எங்களுக்கும் ஒரு பேச்சு இருக்கு" என்றாள் இராக்கம்மா. "அந்தக் களமும் அதே மலைக்கு அடியிலதான் இருக்கு. தெனம் காலையில அங்க நிக்க வெச்சுத்தான் பேரு கூப்பிடுறீங்க. நாளையில இருந்து பெரட்டு இங்க வெச்சுக்குங்க. இங்க நல்ல காத்து."

"நீ வாய் மூடு! கொழுந்து எங்க? இன்னைக்கு எடுத்த கொழுந்து எங்க?"

"களத்துல கொட்டியிருக்கு. குவிச்சு வெச்ச கொழுந்து, உள்ளுக்குள்ள சூடேறிச் செவந்து வீணாகிக்கிட்டு இருக்கும். சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க."

துரையின் முகம் மாறியது. மலை சரியும் என்று ஒரு வருடமாகச் சொன்னபோது மாறாத முகம், கொழுந்து சிவக்கும் என்றதும் மாறியது. கைபேசியை எடுத்துத் தள்ளிப் போனார். யாரோடோ இங்கிலீஷில் பேசினார். யெஸ் சேர், நோ சேர் இரண்டும் மாறி மாறிக் கேட்டன. நோ சேர் குறைவாகவும் யெஸ் சேர் கூடுதலாகவும் கேட்டது.

இதற்கிடையில் மேற்கிலிருந்து மூட்டம் ஏறி வந்தது. முதல் தூறல் மா மூட்டையில் விழுந்தது. விஜயலெட்சுமி பீப்பாய்க்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த நீலப் பிளாஸ்டிக் படங்கை இழுத்து உதறினாள். நாலு மூங்கில், நாலு முளை, ஒரு கோடாலி. எல்லாம் வந்திருந்தன. அவளுடைய திட்டத்தில் எதுவும் குறையவில்லை.

"இந்தாங்க" என்று கணபதியைக் கூப்பிட்டாள். "மழை வருது. முளைய அடிங்க."

கணபதி ஒரு கையில் முளையையும் மற்றக் கையில் கோடாலியையும் வாங்கிக்கொண்டு நின்றான். தூரத்தில் துரை கைபேசியைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"கணபதி! கோட்டுல ஓட்டை போடாத! போட்டா ஒனக்கு நாளைக்கு வேலை இல்ல, கேட்டியா?"

கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. கணபதி முளையை மண்ணில் வைத்துக் குந்தினான். முளை சாய்ந்தது. நிமிர்த்தினான். மறுபடியும் சாய்ந்தது.

விஜயலெட்சுமி அவனுக்கு எதிரே குந்தி, இரண்டு கையாலும் முளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் புடிச்சிருக்கேன்" என்றாள். "அடிங்க."

"கையில பட்டுரும்."

"பட்டாப் படட்டும். அடிங்க."

கணபதி கோடாலியின் முதுகைத் திருப்பி, ஓங்கி, ஒரே அடி. செம்மண் வழிவிட்டது.